மஜீதாவும் மண்டபத்து எஞ்சினும்

மஜீதாவுக்கு ரைஸ் மில் வைக்கும் எண்ணமே இருந்ததில்லை. அவள் கேட்டது கொல்லையில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. கொழும்பில் ஜவுளிக்கடை வைத்திருந்த அவள் கணவர் அப்துல் அஜீஸ், ஐம்பத்து நாலாம் வருஷம் பெருநாளுக்குப் பெரியபட்டினம் வந்திருந்தபோது வேறு கணக்குப் போட்டிருந்தார்.

"கிணறு அடுத்த வருஷம் வெட்டிக்கலாம் புள்ள. அங்கன பாஸ்போர்ட்டு, விசான்னு நாளுக்கு ஒரு சட்டம் சொல்றாங்க. எப்பக் கடையைப் பூட்டிட்டுக் கிளம்பச் சொல்வாங்களோ தெரியாது. ஊருல நமக்குன்னு ஒரு தொழில் இருக்கட்டும்."

யோசனை ஒன்றும் மோசமில்லை. திருப்புல்லாணியைச் சுற்றியிருந்த கிராமங்களில் விளைந்த நெல்லெல்லாம் அரைவைக்கு ராமநாதபுரம் வரை வண்டியில் போய்க்கொண்டிருந்தது. வீட்டை ஒட்டி ரோட்டோரமாக ஒரு காலிமனை கிடந்தது. அதில் ஒரு கொட்டகை, ஒரு எஞ்சின், நெல்லைக் குத்தி உமி நீக்கும் ஒரு ஹல்லர் போதும். கட்டுமானத்தையும் எஞ்சின் வாங்கும் பொறுப்பையும் தன் தம்பி பாக்கரிடம் ஒப்படைத்துவிட்டு அப்துல் அஜீஸ் கப்பலேறினார்.

பாக்கர் நல்ல பிள்ளை. சூதுவாது கிடையாது. ஆனால் விலை குறைந்த பொருளைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது. அப்படித்தான் அவன் ஒரு குடை வாங்கியிருந்தான். முதல் காற்றிலேயே அது தாமரைப் பூவாக விரிந்து மேலே பார்த்தது. ஒரு சுவர்க் கடிகாரமும் வாங்கியிருந்தான். சுவரில் மாட்டினால் நின்றுவிடும், கட்டிலில் படுக்கப் போட்டால் ஓடும். இப்போது அவனிடம் ஒரு எஞ்சினை வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள்.

மதுரையில் ஒரு கடையில் புது ஆயில் எஞ்சின் இருந்தது. மண்டபம் ஊரில் உலகச் சண்டைக் காலத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பழைய எஞ்சின் ஒன்று ஏலத்துக்கு வந்திருந்தது. பழையது புதியதின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

"அதுல ஒரு சாமான் உடைஞ்சா எங்கன வாங்குவீங்க தம்பி?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து மஜீதா கேட்டாள்.

"உடைஞ்சாப் பாத்துக்கலாம் மச்சி." அண்ணன் மனைவியை அவன் மச்சி என்றுதான் கூப்பிடுவான்.

"புதுசுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"பெயிண்ட்டுதான். அதுவும் புக் புக்குங்கும், இதுவும் புக் புக்குங்கும்."

அவளுக்கு எஞ்சினைப் பற்றி அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை. மண்டபத்து எஞ்சின் இரட்டை மாடு பூட்டிய வண்டியில், மணலில் சக்கரம் புதையப் புதைய வந்து சேர்ந்தது. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பஞ்சு அரைவையில் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்த கூத்தையா டிரைவராக வந்தார். அறுவடை தொடங்கும் தை மாதத்துக்கு முன்பே மில் ஓடத் தொடங்கிவிட்டது. மஜீதாவின் அடுக்களை மில்லின் சுவரை ஒட்டியிருந்ததால் காலையிலிருந்து சாயங்காலம் வரை அலமாரியில் பீங்கான் கோப்பைகள் கிணுகிணுவென்று ஆடிக்கொண்டேயிருந்தன. முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. பாக்கர் தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் எஞ்சின் வாங்கிய விலையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்ஆத் தொழுகைக்காக முற்பகலிலேயே எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். கூத்தையா சைக்கிளில் தன் ஊருக்குக் கிளம்பிவிடுவார். அந்த நேரத்தில்தான் மஜீதா துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கொல்லைப்புறக் கதவு வழியாக மில்லுக்குள் போனாள். முதலில் போனது வெறும் ஆவலில்தான். தன் வீட்டுக் கோப்பையையெல்லாம் ஆட்டிப் படைக்கிற சாமான் எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

கன்னங்கரேலென்று எண்ணெய் வழிய அது உட்கார்ந்திருந்தது. பெரிய சக்கரம், அதைத் தாங்கும் கனத்த இரும்புத் தண்டு, தண்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேரிங். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொட்டுப் பார்ப்பது போல ஒரு பக்கத்துப் பேரிங்கின் மேல் கை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. மறுபக்கம் கை வைத்தாள். வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கூத்தையாவைக் கேட்டாள்.

"அது மண்டபத்துலேருந்தே அப்படித்தாம்மா. ஒரு பக்கம் கொஞ்சம் காயும்," என்றார் அவர்.

இருக்கலாம் என்று விட்டுவிட்டாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் போய்த் தொட்டுப் பார்ப்பதை விடவில்லை. மழைக்காலம் முழுக்க அந்தச் சூடு ஒரே மாதிரி இருந்தது. தை பிறந்து அரைவை கூடியதும் ஏறத் தொடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை உள்ளங்கையை அருகில் கொண்டுபோகவே முடியவில்லை. கீழே சொட்டிக் கிடந்த எண்ணெயில் மணல் போல ஏதோ மின்னியது. விரலால் தேய்த்துப் பார்த்தாள். மணல் இல்லை, ஈயப் பொடி மாதிரி இருந்தது.

"தம்பி, ரெண்டு நாள் நிறுத்திட்டு அந்தப் பேரிங்கைப் பிரிச்சுப் பார்க்கச் சொல்லுங்க."

பாக்கர் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "வாசல்ல வண்டி வரிசையா நிக்குது மச்சி. தை மாசத்துல ஓடுற எஞ்சினை எவனாச்சும் நிறுத்துவானா?"

செவ்வாய்க்கிழமை எஞ்சினே நின்றுவிட்டது. முதலில் ஒரு கிறீச்சென்ற சத்தம், பிறகு தீய்ந்த நாற்றம். பெல்ட் தெறித்துப்போய்ச் சுவரில் அறைந்தது. நல்லவேளை, பக்கத்தில் ஆளில்லை. அலமாரியில் கோப்பைகள் ஆடாமல் நின்றதை மஜீதா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ராமநாதபுரத்திலிருந்து ஃபிட்டர் அலியார் வந்தார். சாந்தமான மனிதர். பேசுவதற்கு முன்னால் எப்போதும் கையைத் துடைத்துக்கொள்வார். பேரிங்கின் உள்ளே இருக்கும் வெள்ளை உலோகம் உருகி ஓடித் தண்டைக் கவ்விக்கொண்டது என்றார். இந்த எஞ்சினுக்குச் சாமான் எந்தக் கடையிலும் கிடைக்காது, மதுரையில் அளவு கொடுத்து வார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

"நாளைக்கு ஓடிரும்," என்று வாசலில் நின்றவர்களிடம் பாக்கர் சொன்னான். மறுநாளும் அதையேதான் சொன்னான். நம்பாதவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு ராமநாதபுரம் போனார்கள். நம்பியவர்களில் ஒருத்தி பஞ்சம்மாள். திருப்புல்லாணிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. நெல் வாங்கி, அவித்து, காயவைத்து, அரைத்து, சந்தையில் அரிசி விற்பவள். அவித்த நெல் மூட்டைகளை மில் முற்றத்திலேயே போட்டுவிட்டுத் தினமும் வந்து பார்த்துப் போனாள். தைப் பனி மூட்டைகளில் இறங்கியது. எஞ்சின் மறுபடி ஓடத் தொடங்கியபோது அவளுடைய நெல் நாறிப்போயிருந்தது.

பஞ்சம்மாள் நேராகக் கொல்லைப்புறம் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"உங்களுக்குப் பேரிங்குதான் போச்சு பாயம்மா. எனக்குச் சந்தையில பேரே போயிரும். நாறின அரிசியை ஒரு தரம் வாங்கினவ மறுதரம் எங்கிட்ட வருவாளா?"

மஜீதாவுக்கு அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. வீட்டுக் குதிரிலிருந்து நல்ல நெல்லாக அளந்து அவள் மூட்டைகளில் நிரப்பிக் கொடுத்தாள். நாறிப்போனதைக் கோழிக்கும் வாத்துக்கும் ஒதுக்கினாள். பஞ்சம்மாள் போன பிறகு பாக்கரைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"எஞ்சின் என்ன விலைன்னு ஊரெல்லாம் சொல்றீங்களே தம்பி, முழு விலையையும் சொல்றீங்களா?"

"கொடுத்ததைத்தான் மச்சி சொல்றேன்."

"பேரிங் வார்த்தது, நீங்க மதுரைக்குப் போய்வந்தது, அலியார் காக்கா கூலி, திரும்பிப் போன வண்டிங்க, பஞ்சம்மா நெல்லு, இதெல்லாம் யாரு விலை? அந்த எஞ்சினோட விலைதானே? மண்டபத்துல கொஞ்சம் வாங்கிச்சு, மிச்சத்தைத் தவணை தவணையா நம்மகிட்ட வாங்குது."

பாக்கர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான். இரண்டு கை போதவில்லை. எழுந்து போய்விட்டான். அன்றிலிருந்து தெருவில் எஞ்சின் விலை பேசுவதையும் நிறுத்திக்கொண்டான்.

புது எஞ்சின் வாங்கக் கையில் பணம் இல்லை. இருப்பதைக் கட்டிக் காப்பாற்றத்தான் வேண்டும். மஜீதா அதில் இறங்கினாள். இன்னொரு ஜோடி பேரிங் வார்த்து வரச் சொல்லி, சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.

"உடையாத சாமானுக்கு எதுக்கு மச்சி மாத்துச் சாமான்?"

"ஹஜ்ஜுக்குப் போனவங்ககிட்டச் சொல்லி, செத்தாப் போத்துற கஃபன் துணி வாங்கிப் பெட்டியில வச்சிருக்கோமே, சாக அவசரப்பட்டா வச்சிருக்கோம்?"

பாக்கர் அந்தச் சாக்கைக் கட்டிலுக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளிவிட்டான்.

பெல்ட் ஓரத்தில் நூல் பிரியத் தொடங்கியதுமே மாற்றச் சொன்னாள். அறுவடைக்கு முன்னால், அரைவை குறைந்திருக்கும் மார்கழியில், மில்லை ஒரு வாரம் பூட்டி எல்லாவற்றையும் துடைத்துப் பார்க்க ஏற்பாடு செய்தாள். அடுத்த தையில் எஞ்சின் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ராமநாதபுரம் போன வண்டிகளில் பாதி திரும்பி வந்தன. பஞ்சம்மாளும் வந்தாள். ஆனால் மூட்டைகளை முற்றத்தில் இறக்குவதற்கு முன்னால் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் இறக்கினாள்.

இதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெற்றி கொஞ்சம் தலைக்கு ஏறிவிட்டது. எஞ்சின் இருமினால் திற, தும்மினால் திற என்று ஆகிவிட்டது. அலியார் மாதத்துக்கு இரண்டு தரம் பஸ் பிடித்து வரவேண்டியிருந்தது. கூத்தையா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னார்: "எஞ்சின் தேயுறதுக்கு முன்னாடி நான் தேஞ்சுருவேம்மா."

ஒரு ஆடி மாதம். கடலிலிருந்து கச்சான் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. எஞ்சினில் சின்னதாக ஒரு டொக் டொக் சத்தம் கேட்கிறது என்று மஜீதா சொன்னாள்.

"இந்தக் காத்துல வேணாமே லாத்தா. சத்தம் கூடினாப் பாத்துக்கலாம்," என்றார் அலியார். அவருக்கு அவள் லாத்தா, அதாவது அக்கா; அவளுக்கு அவர் காக்கா, அண்ணன்.

"இல்ல காக்கா, பிரிச்சுப் பாத்துருங்க."

பிரித்தார்கள். உள்ளே ஒரு கோளாறும் இல்லை. மறுபடி மூடினார்கள். கொட்டகைக் கீற்றின் இடுக்கு வழியாக எத்தனை மணல் உள்ளே போயிற்றோ, அந்த வாரமே எஞ்சின் கரகரவென்று அரைக்கத் தொடங்கியது. பிஸ்டன் முழுக்கக் கீறல் விழுந்திருந்தது. நல்ல எஞ்சினைத் திறந்தே கெடுத்தாயிற்று.

அலியார் கையைத் துடைத்துக்கொண்டு சங்கடமாக நின்றார். மஜீதாதான் பேச்சை ஆரம்பித்தாள். "நீங்க வேணாம்னுதான் சொன்னீங்க. நான்தான் கேக்கல."

"தொறக்குறதும் ஒரு தேய்மானம்தான் லாத்தா. ஒவ்வொரு தரம் தொறக்கும்போதும் ஒரு தூசு உள்ள போகும், ஒரு போல்ட்டு முன்ன மாதிரி உக்காராது. மனுசனுக்கு வயித்து வலின்னா முதல்ல கையை வச்சு அமுக்கித்தானே பாக்குறோம், எடுத்த எடுப்புல அறுக்குறோமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்பங்கரையில் உட்கார்ந்து நினைத்து நினைத்துச் சிரித்தாள். பிஸ்டன் மாற்றிய செலவு ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றது.

அதன் பிறகு அவளுக்கு ஒரு நிதானம் வந்தது. பேரிங் சொல்லாமல் போகாது. சூட்டிலும் எண்ணெயின் நிறத்திலும் பல வாரங்களுக்கு முன்பே சொல்லிவிடும். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பெல்ட் அறுந்தால் ஆளை அடிக்கும், அதனால் அது அறுகிற வரை காத்திருக்கக் கூடாது. ஹல்லர் சல்லடை கிழிந்தால் கிழியட்டும். மாற்றுச் சல்லடை பக்கத்திலேயே இருக்கிறது, வண்டிக்காரர் பீடி பிடித்து முடிப்பதற்குள் கூத்தையா மாட்டிவிடுவார். எல்லாவற்றுக்கும் ஒரே கவலையைப் படக் கூடாது என்பது அவளுக்குப் பிடிபட்டது. கூத்தையாவுக்கும் தேகம் தேறியது.

அறுபதாம் வருஷம் அப்துல் அஜீஸ் கொழும்புக் கடையை ஒரேயடியாக மூடிவிட்டு ஊர் வந்து சேர்ந்தார். மில் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து அவருக்கு ஒரே பெருமை. அதே சமயம் ரோட்டோரத்தில் கரண்ட்டுக் கம்பம் நட்டுக்கொண்டு வந்தார்கள். மஜீதா ஒரு நாள் அவருக்கு ஆப்பம் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"எஞ்சினை வித்துட்டு மோட்டார் போட்டுருவோம்."

அவருக்குப் பாதி ஆப்பம் கையிலேயே நின்றது. "நல்லாத்தானே புள்ள ஓடுது?"

"நல்லா ஓடுது, நல்லாத் திங்கவும் செய்யுது. முன்னாடி ஒரு டிரம் எண்ணெய் வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்கும். இப்போ புதன்கிழமையே டிரம்மைத் தட்டினா டங்குங்குது. அரைக்கிற நெல்லு அதே நெல்லுதான்."

"ஒரு பிஸ்டனை மாத்தினா?"

"போன வருஷம் அதைத்தான் செஞ்சோம். ஆறு மாசம் சரியா இருந்துச்சு. இனிமே அதுக்குச் செய்யிற செலவெல்லாம் நமக்குத் திரும்பி வராது. ஓடிக்கிட்டு இருக்கும்போதே வித்தாத்தான் எஞ்சின் விலை. நின்னுட்டா இரும்பு விலை."

அப்துல் அஜீஸ் கொழும்பில் முப்பது வருஷம் துணி விற்றவர். எந்தத் துணியை எப்போது தள்ளிவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மீதி ஆப்பத்தைச் சாப்பிட்டு முடித்ததும் சரி என்றார்.

வாங்க வந்தவர் முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயி சின்னச்சாமி. பாக்கர் எஞ்சினுக்கு ஏற்கெனவே ஒரு பூச்சுப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தான். சின்னச்சாமி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கதவுக்குப் பின்னாலிருந்து மஜீதாவின் குரல் வந்தது.

"அய்யா, வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்குங்க. இது எண்ணெய் நிறையக் குடிக்கும். இடது பக்கத்துப் பேரிங் எப்பவும் கொஞ்சம் காயும். இந்தச் சூட்டுக்குப் பயப்பட வேணாம், கை வைக்க முடியலன்னா மட்டும் நிறுத்திருங்க. மாத்துப் பேரிங் எங்கிட்ட ஒரு ஜோடி இருக்கு, அதையும் சேத்துத் தாரேன்."

பாக்கர் தலையில் கையை வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே போய்விட்டான்.

சின்னச்சாமி அசரவில்லை. "எனக்கு இது தினமும் ஓட வேண்டாம் தாயி. மொளகாத் தோட்டத்துக் கிணத்துல போடப் போறேன். மழை ஏமாத்துற ஒண்ணு ரெண்டு மாசம் ஓடினாப் போதும். இது ஒரு நா நின்னாலும் செடி பொறுத்துக்கும். அதுக்குப் போயி புது எஞ்சின் வாங்கினா மொளகாயை வித்து எஞ்சினுக்குத்தான் அழணும்."

மஜீதா இதை நினைத்துப் பார்க்கவில்லை. அவளிடம் தீனி கட்டுப்படியாகாத எஞ்சின் இவரிடம் லாபம். அவர் சொன்ன விலை பாக்கர் எதிர்பார்த்ததைவிடக் கூடவே இருந்தது. எஞ்சினோடு கூத்தையாவையும் முதுகுளத்தூருக்கு அனுப்பி, கிணற்றடியில் அதை நிறுத்தி ஓட்டிக் காட்டிவிட்டு வரச் சொன்னாள். கூத்தையா ஒரு சாக்கு மிளகாய் வற்றலோடு திரும்பி வந்தார். வீடு முழுக்க இரண்டு நாள் தும்மியது.

மோட்டார் வந்தது. ஒரு நாய்க்குட்டி அளவுதான் இருந்தது. சுவிட்சைத் தட்டினால் ம்ம்ம் என்று ஒரு முனகல், அவ்வளவுதான். சுவிட்சைத் தட்ட ஒரு ஆளா என்று பாக்கர் கேட்டான். ஹல்லரையும் பெல்ட்டையும் யார் பார்ப்பது என்று மஜீதா திருப்பிக் கேட்டாள். கூத்தையா வேலையில் தொடர்ந்தார்.

முதலில் குறை சொன்னது பஞ்சம்மாள்தான். "முன்னாடி எங்க ஊர்க் கண்மாய்க் கரையில நின்னாலே எஞ்சின் சத்தம் கேக்கும். மில்லு ஓடுதுன்னு தெரிஞ்சு வண்டி கட்டுவோம். இப்போ இங்க வந்து பாத்தாத்தான் கரண்ட்டு இல்லைன்னு தெரியுது பாயம்மா."

நியாயமான குறைதான். அதைவிடப் பெரிய குறை கரண்ட்டே அடிக்கடி போனது. ஆடிக் காற்றில் வாரத்துக்கு நாலு நாள் மில் நின்றது. மஜீதா குழம்பிப் போனாள். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தால் சூடு சரியாக இருந்தது. பெல்ட் சரியாக இருந்தது. கோளாறு மில்லுக்குள் இல்லை, ரோட்டில் எங்கேயோ இருந்தது.

கம்பம் ஏறுகிற வயர்மேன் ஒருவர் ஒரு நாள் மில் வாசலில் தண்ணீர் கேட்டு வந்தார். மஜீதா மோராகக் கொடுத்தனுப்பி, கரண்ட் ஏன் போகிறது என்று பாக்கரை விட்டுக் கேட்கச் சொன்னாள்.

"எல்லாம் பனை மட்டைதாங்க. காத்துல ஓலை ஆடி வந்து கம்பியில உரசுது. ஃபியூஸ் போயிருது. நானும் எத்தனை தரம்தான் ஏறி இறங்குறது?"

அடுத்த ஆனி மாதம், காற்று கிளம்புவதற்கு முன்பே, மஜீதா அப்துல் அஜீஸை அனுப்பி ரோட்டோரத் தோட்டக்காரர்களிடம் சம்மதம் கேட்கவைத்தாள். வயர்மேன் லைனை நிறுத்திக் கொடுத்துவிட்டுக் கீழே நின்றுகொண்டார். அவர் எந்த மரத்தைக் காட்டினாரோ அந்த மரத்தில் பனையேறிகள் ஏறி மட்டைகளைக் கழித்துப் போட்டார்கள். கூலி மில் கணக்கில் போயிற்று. மட்டையைத் தோட்டக்காரர்கள் வேலிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

"அரிசி மில் நடத்துறோமா, பனை வெட்டுறோமா?" என்று பாக்கர் கேட்டான்.

"இந்தக் கூலி ஒரு நாள் மில்லு நின்னா ஆகிற நட்டத்துல பாதிகூட வராது தம்பி. கணக்குப் போட்டுப் பாருங்க," என்றாள் மஜீதா.

அவன் போட்டுப் பார்த்தான். அதற்கு அடுத்த வருஷம் ஆனி பிறந்ததும் பனையேறிகளுக்கு முதலில் ஆள் அனுப்பியது அவன்தான். மில்லில் அரைவை நடக்கும் நேரத்தில் கூரையில் ஒரு நீளமான மூங்கிலை நட்டு வெள்ளைத் துணியைப் பறக்கவிடும் யோசனையும் அவனுடையதே. கண்மாய்க் கரையில் நின்றே பஞ்சம்மாள் அதைப் பார்த்து வண்டி கட்டினாள்.

மட்டை கழித்த முதல் வருஷத்து ஆடியில் காற்று எப்போதும் போல ஊளையிட்டது. பெரியபட்டினம் ரோட்டில் விளக்குகள் அணையவில்லை. இந்த வருஷம் மின்சார ஆபீசில் நல்ல ஆட்கள் வந்திருக்கிறார்கள் போல என்று தெருவில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். மஜீதா யாரையும் திருத்தவில்லை. அவளுக்கு அன்று மத்தியானம் வேறு வேலை இருந்தது. ஹல்லர் பக்கமிருந்து லேசாக ஒரு உரசல் சத்தம் வந்துகொண்டிருந்தது. இப்போதே பார்ப்பதா, சனிக்கிழமை வரை விடுவதா என்று கூத்தையாவோடு பேசிக்கொண்டிருந்தாள். கடைசியில் சனிக்கிழமை வரை விடலாம் என்று முடிவாயிற்று.